எஸ்.ஐ.பி லாபம்: 36.7 சதவிகிதமா, 12.4 சதவிகிதமா?

கேள்வி: ஒரு ஈக்விட்டி (பங்குச்சந்தை) மியூச்சுவல் ஃபண்டில் மாதம் 5,000 ரூபாய் வீதம் 5 ஆண்டுகளாக எஸ்.ஐ.பி (மாதத் தவணை முதலீடு) போட்டு வருகிறேன். கட்டியது 3,00,000 ரூபாய், இன்றைய மதிப்பு 4,10,000 ரூபாய். ஆப்பில் ஓரிடத்தில் 36.7%, இன்னோரிடத்தில் 12.4% என்று இருக்கிறது. சி.ஏ.ஜி.ஆர் (கூட்டு ஆண்டு வளர்ச்சி விகிதம்) கால்குலேட்டரில் போட்டால் 6.4% வருகிறது. எதை நம்புவது?

பதில்: 12.4 சதவிகிதத்தை. 36.7% தப்பில்லை, 3 லட்சத்துக்கு 1.10 லட்சம் லாபம் என்பதைத்தான் அது சொல்கிறது. ஆனால் அதில் காலக் கணக்கே கிடையாது. இதே லாபம் 15 ஆண்டில் வந்திருந்தாலும் 36.7% என்றுதான் காட்டும்.

6.4% தான் உங்களைக் குழப்பும் எண். 3 லட்சத்தையும் முதல் நாளே மொத்தமாகப் போட்டதாக அந்தக் கால்குலேட்டர் எடுத்துக்கொள்கிறது. உங்கள் முதல் 5,000 ரூபாய் 60 மாதம் ஃபண்டில் இருந்திருக்கிறது, கடைசி 5,000 ஒரே மாதம்தான். சராசரியாக இரண்டரை ஆண்டுதான் ஆகிறது. மொத்தமாக ஒரே தடவை போட்ட பணத்துக்கு சி.ஏ.ஜி.ஆர் பொருந்தும், தவணைக்குப் பொருந்தாது.

ஒவ்வொரு தவணையும் அதனதன் தேதியிலிருந்து ஆண்டுக்கு எத்தனை சதவிகிதம் வளர்ந்திருந்தால் இன்று மொத்தம் 4,10,000 ஆகும்? அந்த விகிதம்தான் எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். உங்கள் ஆப் காட்டும் 12.4% அதுதான்.

கேள்வி: ஆப்பை நம்பாமல் நானே எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் போட்டுப் பார்க்க முடியுமா?

பதில்: எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ் போதும். ஃபண்டுகளின் கணக்குப் பதிவுகளைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் உங்கள் இமெயிலைக் கொடுத்து, எல்லாப் பரிவர்த்தனைகளும் உள்ள விரிவான ஸ்டேட்மென்ட்டை வாங்குங்கள். ஷீட்டின் முதல் நெடுவரிசையில் தேதி, இரண்டாவதில் தொகை. கட்டிய ஒவ்வொரு தவணையையும் மைனஸ் குறியோடு எழுதுங்கள். கடைசி வரியில் இன்றைய தேதி, பக்கத்தில் இன்றைய மதிப்பு, மைனஸ் இல்லாமல். உங்கள் கணக்கில் மொத்தம் 61 வரிகள் வரும். எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் ஃபார்முலாவில் முதலில் தொகைக் கட்டங்கள், அப்புறம்தான் தேதிக் கட்டங்கள். விடை 0.124 என்று வந்தால் பயப்பட வேண்டாம், கட்டத்தைச் சதவிகிதத்துக்கு மாற்றினால் 12.4% ஆகிவிடும்.

பெரும்பாலோர் மாட்டிக்கொள்வது தேதியில். மார்ச் 5 என்று நினைத்து நீங்கள் 5/3 என அடித்ததை ஷீட் மே 3 என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பிழை எதுவும் காட்டாது, விடை மட்டும் பிசகும். அதனால் மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி தேதி வடிவத்தை மாற்றி ஒருமுறை சரிபாருங்கள். மைனஸ் போட மறந்து எல்லாத் தொகையும் பிளஸ்ஸாக இருந்தால் விடைக்குப் பதில் பிழைச் செய்திதான் வரும்.

இடையில் பணம் எடுத்திருந்தால் அந்தத் தேதியில் பிளஸ்ஸாக எழுத வேண்டும். வங்கிக்கு வந்த டிவிடெண்டுக்கும் அப்படித்தான். ஃபண்டிலேயே மறுமுதலீடான டிவிடெண்டை எழுதக் கூடாது, அது ஏற்கெனவே இன்றைய மதிப்பில் இருக்கிறது. ஸ்டேட்மென்ட்டில் 5,000-க்குப் பதில் 4,999.75 என்று இருப்பதற்குக் காரணம் 0.005% முத்திரைத்தாள் கட்டணம். உங்கள் கணக்கிலிருந்து போனது 5,000, அதையே எழுதுங்கள்.

கேள்வி: எஸ்.ஐ.பி தொடங்கி 4 மாதம்தான் ஆகிறது. எக்ஸ்.ஐ.ஆர்.ஆர் மைனஸ் 22% காட்டுகிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: இந்த எண்ணைப் பார்த்து நிறுத்த வேண்டாம். 4 தவணையாக 20,000 கட்டி, மதிப்பு 19,000 ஆக இருந்தால் உண்மையான இறக்கம் 5% தான். சராசரியாக இரண்டரை மாதத்தில் வந்த அந்த இறக்கம் ஆண்டு முழுக்க இதே வேகத்தில் தொடர்ந்தால் என்னவாகும் என்று கணக்கிட்டு மைனஸ் 22% ஆக்கிவிடுகிறது. ஏறுமுகத்தில் இதே கோளாறு 40%, 50% என்று ஆசை காட்டும். முதல் ஒரு வருடத்துக்கு ரூபாய்க் கணக்கை மட்டும் பாருங்கள்.

கேள்வி: என் 12.4% நல்ல லாபமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஃபண்டின் விளம்பரத்தில் உள்ள 5 ஆண்டு வருமானத்தோடு ஒப்பிடாதீர்கள். அது 5 ஆண்டுக்கு முன் மொத்தமாகப் போட்டவருக்கான எண். மாதாந்திர ஃபேக்ட்ஷீட்டில் எஸ்.ஐ.பி வருமானத்துக்கென்று தனி அட்டவணை இருக்கும், பக்கத்திலேயே அந்த ஃபண்டை ஒப்பிடும் சந்தைக் குறியீட்டின் எண்ணும் இருக்கும். அதைப் பாருங்கள். அந்தக் குறியீடு டிவிடெண்டையும் சேர்த்த டி.ஆர்.ஐ ஆக இருக்க வேண்டும் என்பது 2018 முதல் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி.

இன்னும் துல்லியம் வேண்டுமானால், ஒரு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டின் (அந்தக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) பழைய என்.ஏ.வி-களை (ஒரு யூனிட்டின் அன்றைய விலை) ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்தில் எடுங்கள். உங்கள் ஒவ்வொரு தவணைத் தேதியிலும் 5,000-ஐ அன்றைய என்.ஏ.வி-யால் வகுத்தால் யூனிட் கிடைக்கும். 60 மாத யூனிட்டையும் கூட்டி இன்றைய என்.ஏ.வி-யால் பெருக்குங்கள். அந்தத் தொகை 4,10,000-ஐத் தாண்டினால், உங்கள் ஃபண்ட் மேனேஜருக்குக் கொடுத்த கட்டணத்துக்கு இந்த 5 ஆண்டில் பலன் இல்லை. நீங்கள் வைத்திருப்பது ரெகுலர் பிளான் (ஏஜென்ட் வழியாக, கமிஷனோடு வாங்குவது) என்றால் இண்டெக்ஸ் ஃபண்டிலும் ரெகுலர் பிளானின் என்.ஏ.வி-யையே எடுங்கள். டைரக்ட் பிளானில் கமிஷன் கிடையாது, ஒப்பீடு ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.