ஒரே தலைவர், நாட்டுக்கு நாடு வேறு முகம்: ஏன்?

ஒரே தலைவரை ஒரு நாட்டு ஊடகம் வீரனாகவும் இன்னொன்று வில்லனாகவும் காட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். பொய்ச் செய்தி மட்டும் காரணமல்ல. பெரும்பாலும் மேற்கோளை வெட்டுவதும் மொழிபெயர்ப்பும்தான் காரணம்.

1956 நவம்பர் 18 அன்று, மாஸ்கோவில் போலந்துத் தூதரக விருந்தில் சோவியத் ஒன்றியத் தலைவர் குருஷேவ் பேசியது, ‘உங்களைப் புதைப்போம்’ என்று மேற்கத்திய நாளிதழ்களில் வந்தது. அது அணுகுண்டு மிரட்டலாகவே படிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முந்தைய வாக்கியம், வரலாறு எங்கள் பக்கம் என்பது. முதலாளித்துவம் அழியும், நாங்கள் அதன்பின்னும் இருப்போம் என்பதே பொருள். முன்வாக்கியத்தை வெட்டினால் வாதம் மிரட்டலாகிவிடும். 1963இல், உங்கள் தொழிலாளர் வர்க்கமே உங்களைப் புதைக்கும் என்று அவரே விளக்கினார். அதற்குள் பிம்பம் உறைந்துவிட்டது.

சோவியத் ஒன்றியத்தின் கடைசித் தலைவர் கொர்பச்சேவ் விஷயம் வேறு. அங்கே மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. மேற்கு அவரைப் பனிப்போரை முடித்தவராகப் பார்த்தது. 1990இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. சொந்த நாட்டினரோ காலிக் கடைகளையும் சிதறிய ஒன்றியத்தையும் கண்டார்கள். 1996 ரஷ்ய அதிபர் தேர்தலில் அவர் பெற்றது சுமார் 0.5 சதவீதம்.

செய்தியைச் சோதிக்க, முதலில் மேற்கோளின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு வாக்கியங்களை மூல உரையில் தேடுங்கள். பிறகு ‘அரசு’ என்கிறார்களா ‘ஆட்சிக்கும்பல்’ என்கிறார்களா, ‘கூறினார்’ என்கிறார்களா ‘கொக்கரித்தார்’ என்கிறார்களா என்று பாருங்கள். தலைவரின் சொந்த நாட்டு ஏட்டையும் படியுங்கள். அரசு நடத்தும் ஏடு மட்டும் போதாது, அங்கே எதிர்க்கட்சிக் குரல் இருக்காது.