வாசகர் கேள்விகள்: பின்வீட்டு மனையில் டவர் வருகிறது, தடுக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையில் செல்போன் டவர் வைக்க ஒரு நிறுவனம் அனுமதி கேட்டிருக்கிறது. அடுத்த வாரம் டவுன்ஷிப்பில் பொது விசாரணை. கதிர்வீச்சால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று தெருவே சேர்ந்து மனு எழுதி வைத்திருக்கிறோம். எடுபடுமா?
- வாசகி, நியூஜெர்சி

பதில்: எடுபடாதுங்க. அது மட்டுமில்லை, அந்த மனுவே உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அமெரிக்காவில் 1996-ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், டவர் எங்கே வரலாம், எவ்வளவு உயரம், பார்க்க எப்படி இருக்கணும் என்பதையெல்லாம் உள்ளூர் நிர்வாகத்திடமே விட்டிருக்கிறது, ஆனால் எஃப்.சி.சி. (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) வகுத்த அளவுக்குள் இருக்கும் கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டது. விசாரணையில் நாற்பது பேர் வரிசையாக நின்று கதிர்வீச்சு, கதிர்வீச்சு என்று பேசிவிட்டு, அப்புறம் முடிவெடுக்கும் டவுன்ஷிப் குழு "அழகு கெடுகிறது" என்று எழுதி மறுத்தால், உண்மைக் காரணம் கதிர்வீச்சுதான் என்று நிறுவனத்தின் வக்கீல் நீதிமன்றத்தில் வாதாட நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். இந்தச் சட்டம் நியாயமா என்றால் எனக்கும் முழுத் திருப்தி இல்லை, ஆனால் அடுத்த வாரத்துக்குள் அது மாறப் போவதில்லை. எஃப்.சி.சி. அளவுக்குள் இருப்பதைக் காட்டும் அறிக்கையைக் கொடுங்கள் என்று மட்டும் கேளுங்கள், அதில் தவறில்லை.

சரி, வேறு என்ன பேசுவது? முதலில் உங்கள் ஊர் சோனிங் விதியை, அதாவது எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்ற விதியை, எடுத்துப் படியுங்கள். குடியிருப்புப் பகுதியில் உயர வரம்பு என்ன, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கணும், பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் டவரையோ தண்ணீர்த் தொட்டியையோ பயன்படுத்த முடியாது என்று நிறுவனம் காட்டணுமா, இதையெல்லாம் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் பிடி கிடைப்பது இந்தக் கடைசி விஷயத்தில்தான். டவர் வரப்போகும் உயரத்துக்கு பலூன் பறக்கவிட்டுக் காட்டச் சொல்லலாம். எந்த வீட்டு ஜன்னலிலிருந்து எவ்வளவு தெரிகிறது என்று போட்டோவோடு ஒவ்வொருவரும் சொன்னால் அது சாட்சியம். "பார்க்க நல்லாயில்லை" என்று பொதுவாகச் சொன்னால் அது வெறும் புலம்பல். மறுப்பு எழுத்தில் இருக்கணும், பதிவில் உள்ள போதுமான சாட்சியத்தின் மேல் நிற்கணும் என்பதும் அதே சட்டம்தான்.

மறுத்துவிட்டால் முடிந்தது என்றும் நினைக்காதீர்கள். ஜார்ஜியாவில் ராஸ்வெல் நகரம், பைன் மரம் போல வேஷம் போட்ட 108 அடி டவரை மறுத்தது. காரணம் எதுவும் இல்லாமல் ஒரு கடிதம் அனுப்பியது, காரணங்கள் தெரியும் கூட்டக் குறிப்பு வெளிவந்தது 26 நாள் கழித்து. நிறுவனத்துக்கு வழக்குப் போட இருப்பதோ 30 நாள். 2015-ல் உச்ச நீதிமன்றம், காரணத்தைத் தனி ஆவணத்தில் சொல்லலாம், ஆனால் மறுப்போடு கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் கொடுக்கணும் என்று சொல்லிவிட்டது; நகரம் தோற்றது. அதனால் உங்கள் குழுவின் வக்கீல் இதைக் கவனிக்கிறாரா என்று விசாரணையிலேயே கேட்டு வையுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கத்தில் பழைய டவர் ஒன்று இருக்கிறது. இப்போது அதை உயர்த்துகிறார்கள். விசாரணையும் இல்லை, கடிதமும் இல்லை. இது எப்படிச் சாத்தியம்?
- வாசகர், டெக்சாஸ்

பதில்: 2012-ல் வந்த கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஏற்கெனவே உள்ள டவரின் அளவைப் "பெரிதாக" மாற்றாத விண்ணப்பத்தை உள்ளூர் நிர்வாகம் ஏற்றே ஆகணும். 60 நாளில் முடிவு சொல்லாவிட்டால், அனுமதி கிடைத்ததாக நிறுவனம் எடுத்துக்கொள்ளலாம். தனியார் மனையில் உள்ள டவருக்கு 10 சதவீத உயரமோ, மேலிருக்கும் ஆன்டெனாவிலிருந்து 20 அடிக்குள் இடைவெளி விட்டு இன்னொரு அடுக்கோ, எது அதிகமோ அதுவரை "பெரிய" மாற்றம் இல்லை. ஆனால் அந்த டவர் மரம் மாதிரியோ கொடிக்கம்பம் மாதிரியோ மறைத்து வைக்கணும் என்ற நிபந்தனையோடு வந்ததா என்று பழைய அனுமதிக் கோப்பைப் பாருங்கள். வேஷம் கலைகிற அளவுக்கு மாற்றினால் இந்தச் சலுகை கிடையாது. புது டவர் வேண்டாம் என்று பழையதிலேயே இன்னொருவரை ஏற்றச் சொல்லும் ஊர்கள் இந்த விலையையும் சேர்த்தே யோசிக்கணும்.

கேள்வி: பால்கனியில் தமிழ்ச் சேனலுக்காகச் சின்ன டிஷ் வைத்தேன். குடியிருப்புச் சங்கத்திலிருந்து எடுக்கச் சொல்கிறார்கள். வாடகை வீடுதான்.
- வாசகர், கலிபோர்னியா

பதில்: ஒரு மீட்டருக்குள் இருக்கும் டிஷ்ஷா, உங்கள் தனிப் பயன்பாட்டுக்கான பால்கனியா? அப்படியென்றால் எஃப்.சி.சி. விதி உங்கள் பக்கம், வாடகைக்காரருக்கும் அது உண்டு. கைப்பிடியைத் தாண்டி வெளியே நீட்டினாலோ பொது மொட்டைமாடியில் வைத்தாலோ அந்தப் பாதுகாப்பு இல்லை. சுவரில் துளை போடாதீர்கள், அதை வீட்டுக்காரர் தடுக்கலாம். ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, எஃப்.சி.சி. விதியைக் குறிப்பிட்டுச் சங்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.