வாசகர் கேள்வி - பதில்: வெறும் தண்ணீர்தானே!

கேள்வி: பிளாட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறோம். காடும் குளமுமாக ஓர் இடத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு வர ஆசை. நுவரெலியா போகலாமா அக்கா? அம்மாவுக்கு முழங்கால் வலி.
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒரே நாளில் நுவரெலியாவா? வேண்டாம் தங்கச்சி. ஒரு சித்திரை லீவில் நாங்களும் அப்படித்தான் புறப்பட்டோம். வானுக்குள் குலுங்கியே பொழுது போயிற்று. கிரகரி வாவிக் கரையில் நின்றது முக்கால் மணித்தியாலம். அதிலும் மோட்டார் படகுச் சத்தம், குதிரைச் சவாரிக்குக் கூப்பிடுகிற சத்தம். என் மாமியார் வானைவிட்டு இறங்கவேயில்லை.

தலங்கம குளத்துக்குப் போங்கள். பத்தரமுல்லைக்குக் கிட்டத்தான். விடிய ஐந்தரைக்கு ஓட்டோ பிடித்தால் வெயில் ஏற முன்னரே கரையில் நிற்கலாம். குளத்தோரமாகவே வீதி போகிறது, அம்மா நடக்கத் தேவையில்லை. மடக்குக் கதிரை ஒன்றும் பிளாஸ்கில் தேத்தண்ணியும் போதும்.

முதல் பத்து நிமிடம் எதுவும் தெரியாது, வெறும் தண்ணீர்தான். "இதற்கா எழுப்பினாய்?" என்று அம்மா கேட்பார். பேசாமல் இருங்கள். கொஞ்சத்தில், இலை என்று நினைத்தது அசையும்: இலைக்கோழி, நீண்ட விரல்களை விரித்துத் தாமரை இலைமேல் நடக்கும். நீலத் தாழைக்கோழி புல்லுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கரை மரங்களையும் பாருங்கள். கறுப்பு முகமும் வெள்ளைத் தாடியுமாக ஊதாமுக மந்தி இருக்கலாம். இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மரங்கள் வீடுகளாகிப் போனதால் இப்போது கூரையிலும் வயரிலும் தாவித் திரிகிறது, பாவம்.

காடுதான் வேண்டுமென்றால் அவிசாவளைப் பக்கம் லபுகம இருக்கிறது. கொழும்புக்கு முதன்முதல் குழாய்த் தண்ணீர் வந்தது அந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான். தண்ணீர் கலங்காமலிருக்கவே சுற்றியுள்ள காட்டை வெட்டாமல் விட்டார்கள். ஆனால் நினைத்தவுடன் உள்ளே போக முடியாது, அனுமதி எடுக்க வேண்டும். அம்மாவோடு அந்த அலைச்சல் எதற்கு?

கேள்வி: சதுப்பு நிலத்தில் பார்க்க என்ன இருக்கிறது? நுளம்புதானே!
- வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: நுளம்பும் இருக்கிறது, ஐயா. 2018 இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரங்கள் என்று உலகில் முதன்முதலாக 18 நகரங்களை அறிவித்தபோது கொழும்பும் அதில் ஒன்று. மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொள்வது இந்தச் சதுப்புத்தான். கோட்டே பெத்தகானவில் சதுப்புக்கு மேலே பலகைப் பாதையே போட்டிருக்கிறார்கள். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: குளக்கரையில் கபரகொய (பெரிய நீர் உடும்பு) வந்தால் ஓட வேண்டுமா?
- 9 வயது வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம் மகன். வழியை விட்டு ஒதுங்கி நில்லுங்கள், அது தன்பாட்டில் போய்விடும். மடக்கிப் பிடிக்கப் போனால்தான் வாலால் விளாசும். மீன் பணிஸ் பையை மட்டும் நிலத்தில் வைக்காதீர்கள். நான் வைத்தேன்.