மருந்தளவுக் கணக்கு: சிஸ்டரிடம் கேட்டவை

செந்தூலிலிருந்து: சிஸ்டர், 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால். சிரப் எத்தனை மி.லி.?

12 × 15 = 180 மி.கி. இதுவரை யாரும் தப்பு செய்வதில்லை. அடுத்து பாட்டிலைப் பாருங்கள். 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ளதும் இருக்கிறது, 250 மி.கி. உள்ளதும் இருக்கிறது. முதலாவதில் 180 ÷ 120 × 5 = 7.5 மி.லி., இரண்டாவதில் 3.6 மி.லி. பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் 7.5 ஊற்றினால் 375 மி.கி. போய்விடும். நரம்பு வழி ஏற்றும் பாராசிட்டமாலில் 1 மி.லி.க்கு 10 மி.கி.; 75 மி.கி. என்பதை 75 மி.லி. என்று படித்தால் பத்து மடங்கு. ஆர்டரில் மி.கி., மி.லி. இரண்டையும் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

செராஸிலிருந்து: மருந்து ஏற்றும் பம்ப் இல்லை. 500 மி.லி. சலைன், 4 மணி நேரம். எத்தனை சொட்டு?

மணிக்கு 125 மி.லி. 1 மி.லி.க்கு 20 சொட்டு விழும் செட் (சலைன் குழாய்) என்றால் மூன்றால் வகுங்கள்: நிமிடத்துக்கு 42. 15 சொட்டு செட்டுக்கு நான்கால். 60 சொட்டு மைக்ரோ செட்டில் வகுக்கவே வேண்டாம், ஆனால் 125 சொட்டை யாரால் எண்ண முடியும்? செட்டின் உறையில் எண் இருக்கும். நோயாளி கையை மடக்கினால் வேகம் மாறும், மறுபடி எண்ணுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து: ஐசியூவுக்குப் புதிது, அக்கா. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் நோர்அட்ரினலின் மருந்தின் கணக்கு குழப்புகிறது.

60 கிலோ ஆள், கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.1 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6, மணிக்கு 360 மைக்ரோகிராம். சிரிஞ்சில் 4 மி.கி., மொத்தம் 50 மி.லி.; அதாவது 1 மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 360 ÷ 80 = மணிக்கு 4.5 மி.லி. விடை 0.075 என்று வந்தால் 60-ஆல் பெருக்க மறந்திருக்கிறீர்கள், 4500 என்றால் மி.கி.யை மைக்ரோகிராம் ஆக்கவில்லை. கலக்கும்போதும் ஒரு சறுக்கல் உண்டு: ஆம்பூலில் (சிறு கண்ணாடிக் குப்பியில்) உள்ள மருந்து 4 மி.லி. என்றால் சேர்க்கும் டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் 46 தான், 50 அல்ல. உங்கள் யூனிட்டின் கலவை வேறாக இருக்கலாம். லேபிளைப் படித்த பிறகே பம்பில் எண்ணைப் போடுங்கள்.

கெப்போங்கிலிருந்து: கால்குலேட்டர் இருக்கும்போது மனக்கணக்கு எதற்கு?

புள்ளி ஒரு இடம் தள்ளிப்போனால் கால்குலேட்டர் சொல்லாது. ஒரே டோஸுக்கு நாலைந்து ஆம்பூல் உடைக்க வேண்டி வந்தால், உடைக்காமல் நிறுத்தி இன்னொரு நர்ஸைத் தனியாகக் கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் விடையை முதலில் காட்டாதீர்கள், தலையாட்டிவிடுவார்.

செந்தூலிலிருந்து மறுபடி: இன்சுலினை 1 மி.லி. சாதாரண சிரிஞ்சில் எடுக்கலாமா?

வேண்டாம். 1 மி.லி.யில் 100 யூனிட். 8 யூனிட் என்பது 0.08 மி.லி.தான். இன்சுலின் சிரிஞ்ச் மட்டுமே. சார்ட்டில் 'யூனிட்' என்று முழுதாக எழுதுங்கள். 'யு' என்ற ஆங்கில எழுத்தைப் பூஜ்யமாகப் படித்தால் 8, 80 ஆகிவிடும்.