கொரோனா ஊரடங்கில் மறதி நோய் உள்ள பெற்றோரை எப்படிச் சமாளித்தீர்கள்?

இந்தக் கேள்வியைக் கடந்துபோக முடியவில்லை. நீங்களும் அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துப் பார்த்தவராகத்தான் இருப்பீர்கள்.

என் அப்பா மதுரையில் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். 2017இல் அல்சைமர் என்றார்கள். ஆனாலும் தினமும் காலை ஐந்தரைக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு தெருமுனை டீக்கடைக்குத் தனியாகப் போய்வருவார். வழி தடுமாறினால் கடைக்காரர் எங்கள் வீட்டுப் பக்கம் கைகாட்டி அனுப்பிவிடுவார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் நான் சமைத்து முடிப்பேன்.

2020 மார்ச் 24 மாலை கடை மூடியது. மறுநாள் தமிழ்நாட்டின் முதல் கொரோனா சாவு, அதுவும் மதுரையிலேயே. நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம், அப்பா சட்டை மாட்டிக் கிளம்பினார். "கடை இல்லப்பா, கொரோனா" என்றேன். சரி என்று உட்கார்ந்தவர் பத்து நிமிடத்தில் மறுபடி எழுந்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. ஒருநாள் எனக்குத் தெரியாமல் மெயின் ரோடுவரை போய்விட்டார். போலீஸ்காரர் லத்தியை ஓங்க, நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். அன்றிலிருந்து கேட்டைப் பூட்டினேன். பெற்ற அப்பாவையே பூட்டி வைத்தாயா என்று கேட்பவர்கள், ஒரு வாரம் வந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

நான் முகக்கவசத்தோடு உள்ளே வந்தால் "யாரும்மா நீ?" என்பார். கழற்றினால்தான் முகம் தெளியும். அதனால் வாசலிலேயே கழற்றிக் கைகழுவிவிட்டு உள்ளே வரப் பழகினேன்.

வழி கண்டுபிடித்தவன் என் மகன்தான். நாட்காட்டித் தாளைக் கிழித்துக் கட்டாக்கிக் கொடுத்து, "தாத்தா, பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு டிக்கெட்" என்று கைநீட்டினான். அப்பா ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். அவன் நீட்டிய பத்து ரூபாயை நீளவாக்கில் மடித்து இடதுகை விரலிடுக்கில் செருகிக்கொண்டு, "சில்லறையா குடுப்பா" என்றார். அதற்கப்புறம் காலை ஐந்தரைக்கு எங்கள் வராண்டாதான் பஸ்.

2021 மே மாதம் ஒரு காலை அவர் சட்டையைத் தேடவில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, சும்மா சுருண்டு கிடந்தார். ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் அளவு 90தான் காட்டியது. இப்படிப்பட்டவர்களுக்குத் திடீர் குழப்பமோ அசதியோகூட கொரோனாவின் முதல் அறிகுறியாக வரும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். நீங்கள் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கொரோனா வார்டுக்குள் துணைக்கு ஆள் விடவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை, அன்றைய நிலைமை அப்படி. ஆனால் பதினோரு நாள் கழித்து வந்தவரால் தனியாக நடக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்த நிலையில் அவரை வங்கிக்கு நேரில் கூட்டிவரச் சொன்னார்கள், கையெழுத்து பொருந்தவில்லையாம். நானும் மகனும் ஆட்டோவில் தூக்கிவைத்துக் கொண்டுபோனோம். நாற்பது நிமிடம் காத்திருந்தோம், ஒரு நாற்காலி கொடுக்க ஆளில்லை. 70 வயது தாண்டியவர்களுக்கு வீட்டுக்கே வந்து சேவை செய்யவேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. அங்கே ஒருவரும் அதை எங்களிடம் சொல்லவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள், முடியாது என்றால் அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள்.