வக்கீல் லிங்கன்: வாசகர் கேள்விகள்

கே: ஆபிரகாம் லிங்கன் எந்தச் சட்டக் கல்லூரியில் படித்தார்?

ப: எதிலும் இல்லை. பள்ளிக்கூடம் போனதே மொத்தத்தில் ஒரு வருஷம் தேறாது. இரவல் புத்தகங்களை வைத்துத் தானே படித்து, 1836-ல் வக்கீல் உரிமம் வாங்கினார்.

கே: ஏழைகளுக்காக இலவசமாக வாதாடிய வக்கீல்தானே?

ப: எப்போதாவது. இல்லினாய் சென்ட்ரல் ரயில்வேக்கு ஒரு வரி வழக்கை ஜெயித்துக் கொடுத்தார். ஃபீஸ் வராததால் அதே கம்பெனி மேல் கேஸ் போட்டு 5,000 டாலர் வாங்கினார். அவர் பார்த்த ஐயாயிரம் சொச்சம் வழக்குகளில் பாதிக்கு மேல் கடன் பாக்கி சமாசாரம்.

கே: அடிமைகளின் பக்கம் மட்டுமே நின்றாராமே?

ப: 1841-ல் நான்ஸ் என்ற கறுப்பினப் பெண் சுதந்திரமானவள் என்று நிலைநாட்டிய வழக்கு அவருடையது. 1847-ல் மேட்சன் என்ற அடிமை முதலாளிக்காக ஆஜரானதும் அவரே. அதில் தோற்றார், மேட்சன் தன் அடிமைகள் என்று உரிமை கொண்டாடிய தாயும் பிள்ளைகளும் விடுதலையானார்கள். முதலில் வழக்குக் கட்டு, அப்புறம் புகழ்ச்சி.

கே: மகனின் ஆசிரியருக்கு லிங்கன் எழுதிய கடிதத்தைப் பள்ளி ஆண்டு விழாவில் வாசிக்க வேண்டும். ஆங்கில மூலம் கிடைக்குமா?

ப: மறுபடியுமா! அப்படி ஒரு கடிதத்தை லிங்கன் எழுதவே இல்லை. 1953-ல் அச்சான அவருடைய எழுத்துத் தொகுப்பைப் புரட்டுங்கள், அதில் கிடையாது. எனக்கு வந்த ஒரு பிரதியில் 1830 என்று தேதி போட்டிருந்தது. அவருக்குக் கல்யாணமே 1842-ல்தான், மூத்த மகன் ராபர்ட் பிறந்தது 1843-ல். பிறக்காத பிள்ளையை எந்த ஆசிரியரிடம் ஒப்படைத்தார்? அனுப்புகிறவர்கள் இந்தக் கணக்கையாவது போட்டுப் பார்க்கலாம். நம் ஊர் வகுப்பறைச் சுவர்களில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதால் அது உண்மையாகிவிடாது.

வாசித்தே தீர வேண்டுமென்றால் அசல் ஒன்று இருக்கிறது. ராபர்ட்டின் நண்பன் ஜார்ஜ் லேதம் ஹார்வர்ட் நுழைவுத் தேர்வில் தோற்றபோது, 1860 ஜூலையில் அவனுக்கு எழுதியது. குடியரசுத் தலைவர் தேர்தலில் வேட்பாளராக நின்ற நேரத்தில், அந்தப் பையனுக்காக உட்கார்ந்து ஆறுதல் எழுதியிருக்கிறார். மன உறுதியை விடாதே, மறுபடி முயற்சி செய் என்பதுதான் சாரம். திரும்பச் சொல்கிறேன்: முதலில் தொகுப்பைப் பாருங்கள், அப்புறம் ஒலிபெருக்கியைப் பிடியுங்கள்.

கே: கொலை வழக்கில் போலிப் பஞ்சாங்கம் காட்டினாரா?

ப: வதந்தி. நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்றார் சாட்சி. லிங்கன் காட்டிய பஞ்சாங்கப்படி சம்பவ நேரத்தில், இரவு 11 மணி வாக்கில், நிலா அடிவானத்துக்குப் பக்கம் இறங்கிவிட்டிருந்தது. வானியலாளர்கள் பின்னால் கணக்கிட்டதும் அதையே சொல்கிறது. அவருடைய கட்சிக்காரர் டஃப் ஆம்ஸ்ட்ராங் விடுதலையானது 1858-ல். ஃபீஸ்? பழைய சிநேகிதக் குடும்பம், வாங்கவில்லை. 'எப்போதாவது' என்றேனே, அது இதுதான்.

கே: லிங்கன் பெயரில் காப்புரிமை உண்டா?

ப: உண்டு. எண் 6469, 1849. மணல் திட்டில் சிக்கிய படகைத் தூக்கிவிடும் அமைப்பு. யாரும் தயாரித்து விற்கவில்லை.