சுவருக்கு அந்தப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கிழக்கு லண்டனில், ஈஸ்ட்ஹாமில், ஒரே வீட்டில் முப்பத்தாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். அதில் இருபத்துநான்கு ஆண்டுகள் ஒரு சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்தில் வீட்டுப் பத்திரங்களோடு கழிந்தன. இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டேன். நான்கும் ஈஸ்ட்ஹாமை உள்ளடக்கிய எங்கள் நியூஹாம் பகுதியிலிருந்து வந்தவை.

கேள்வி: பக்கத்து வீட்டை ஓர் இளம் தம்பதி வாங்கி ஆறு மாதம் ஆகிறது. கூரைக்கு அடியில் லாஃப்ட் அறை கட்டப்போவதாக 'பார்ட்டி வால்' (பொதுச்சுவர்) நோட்டீஸ் தபாலில் வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டால் சுவரே அவர்களுடையதாகிவிடும், பதிலே எழுதாதே என்கிறார் கணவர். எனக்கு இரவில் தூக்கம் இல்லை. சுவரில் வெடிப்பு வந்தால் என்ன செய்வது, அக்கா?
— வாசகி, ஈஸ்ட்ஹாம்

பதில்: தங்கைக்கு, முதலில் அந்தப் பயத்தை இறக்கி வையுங்கள். அந்தத் தாளில் கையெழுத்திடுவதால் ஒரு செங்கல்கூடக் கைமாறாது.

உங்கள் கணவரின் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வேலிக் கதியாலை (வேலிக்கு நடும் உயிர்க்கம்பை) இரவோடு இரவாக ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டு, விடிந்ததும் ஒன்றும் அறியாதவர்போல் பல் தீட்டிக்கொண்டு நிற்பவர்களை நாங்கள் பார்த்து வளர்ந்தோம். அப்பா தொடங்கிய எல்லை வழக்கைப் பேரன் முடித்த குடும்பங்கள் உண்டு. அந்த நினைவோடு லண்டனுக்கு வந்தவர்களுக்கு, அயலவர் அனுப்பும் எந்தத் தாளும் கதியாலாகத்தான் தெரியும்.

ஆனால் வரிசை வீட்டில் வேலியே இல்லை. நமது தெருக்களில் பெரும்பாலானவை 1900ஐ ஒட்டிக் கட்டப்பட்டவை. இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரே செங்கற்சுவர். உங்கள் மாடித் தளத்தின் மர உத்தரங்கள் இந்தப் பக்கத்திலிருந்தும், அவர்களுடையவை அந்தப் பக்கத்திலிருந்தும் அதே சுவரில்தான் ஏறி நிற்கின்றன. லாஃப்ட் அறை கட்டும்போது இரும்பு உத்தரங்களை அந்தச் சுவரில் இருத்த வேண்டும். அதனால்தான் 1996ஆம் ஆண்டின் பொதுச்சுவர்ச் சட்டம், வேலை தொடங்க இரண்டு மாதங்களுக்கு முன்பே உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. அவர்கள் செய்திருப்பது மரியாதையான காரியம். சொல்லாமல் துளை போடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பதில் எழுதாமல் இருப்பதுதான் இதில் ஆபத்து. பதினான்கு நாட்களுக்குள் பதில் போகாவிட்டால், நீங்கள் உடன்படவில்லை என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அதன் பின் கட்டட ஆய்வாளரான சர்வேயர் ஒருவரை நியமிக்கும்படி கேட்பார்கள். அதற்கும் பத்து நாட்கள் மௌனமாக இருந்தால், உங்களுக்கான சர்வேயரையும் அவர்களே நியமித்துவிடலாம். உங்கள் சுவருக்காகப் பேச வேண்டியவரை நீங்கள் பார்த்தேயிராத நிலை வரும். வேலையும் நிற்காது. முறையாக நடக்கும் வேலையைத் தடுக்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் அயலவருக்குக் கொடுக்கவில்லை.

எனவே இரண்டில் ஒன்றைச் செய்யுங்கள். உடன்பாடு இல்லை என்று எழுதினால், இருவருக்கும் பொதுவாக ஒரு சர்வேயரையோ ஆளுக்கொருவரையோ நியமிக்கலாம். வேலை அவர்களுடைய நன்மைக்கு என்பதால் நியாயமான சர்வேயர் செலவு வழக்கமாக அவர்களையே சேரும். அல்லது உடன்படுகிறேன் என்று எழுதி, வேலைக்கு முன் உங்கள் வீட்டின் நிலையைப் படங்களோடு பதிவு செய்து தர வேண்டும் என்று அதே தாளில் கேளுங்கள். உடன்பட்டதால் உங்கள் உரிமை போய்விடாது. சேதம் வந்தால் சீர்செய்து தருவது அவர்கள் கடமை. எதைத் தெரிவு செய்தாலும் நீங்களும் படம் எடுத்து வையுங்கள்: மாடிப்படிப் பக்கச் சுவர், கூரை மூலைகள், புகைபோக்கி ஏறும் இடம், சுவாமி அறை. ஏற்கெனவே இருக்கும் வெடிப்புக்குப் பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து எடுங்கள். அகலம் தெரியாத வெடிப்புப் படத்தால் யாருக்கும் பயனில்லை.

இதையெல்லாம் எழுதுவதற்கு முன் ஒரு காரியம் இருக்கிறது. அவர்கள் கதவைத் தட்டுங்கள். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆங்கிலேய மூதாட்டி இருந்தார். கணவர் கப்பல்துறையில் வேலை செய்து இறந்தவர். முதல் வாரமே அவர் வந்து, காலையில் சுவரோரம் என்ன இடிக்கிறீர்கள் என்று கேட்டார். என் மாமியார் உரலில் மிளகாய் இடிக்கிறார் என்று கூட்டிப்போய்க் காட்டினேன். அடுத்த நாள் முதல் மாமியார் உரலைச் சுவரோரத்திலிருந்து நடுக் குசினிக்கு நகர்த்திவிட்டார். பத்தொன்பது வருடம் அயலவராக இருந்தோம். ஒரு தாள் எங்களுக்குள் போய்வரவில்லை. மாமியார் இறந்த இரவில் எங்கள் அழுகுரலைச் சுவர் வழியே கேட்டு முதலில் வந்தவரும் அவர்தான்.

கேள்வி: என் வீட்டு வாசலுக்கு நேரே தினமும் யாரோ கார் நிறுத்துகிறார்கள். வீடு என்னுடையது, அந்த இடமும் என்னுடையதுதானே? கூம்பு வைத்து மறித்தால் தவறா?
— வாசகர், பிளெய்ஸ்டோ

பதில்: தெரு உங்களுடையது அல்ல, ஐயா. அனுமதிச்சீட்டு வாங்கினாலும் அது அந்த வலயத்தில் நிறுத்தும் அனுமதி. உங்கள் வாசலுக்கு என்று ஓர் இடம் கிடையாது. கூம்பு வைக்காதீர்கள். வீட்டில் நடக்க முடியாதவர் யாராவது இருந்தால், ஊனமுற்றோருக்கான நிறுத்துமிடம் கேட்டுக் கவுன்சிலுக்கு (உள்ளூர் நகர நிர்வாகத்துக்கு) விண்ணப்பிக்கலாம்.

கேள்வி: 1998இல் மேனர் பார்க்கில் வீடு வாங்கினேன். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். தெருவில் தெரிந்த முகமே இல்லை, எல்லாம் வாடகைக்காரர். எசெக்ஸ் பக்கம் போய்விடலாம் என்று மனைவி சொல்கிறார். தரகர் ஒருவர், விற்காதீர்கள், ஆறு பேருக்கு அறையறையாக வாடகைக்கு விடுங்கள், இரட்டிப்பு வருமானம் என்கிறார். எது நல்லது?
— வாசகர், மேனர் பார்க்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தெருவில் தெரிந்த முகமே இல்லை என்று வருந்தும் நீங்கள், தெரியாத ஆறு முகங்களை அதே தெருவுக்குக் கொடுக்கவும் யோசிக்கிறீர்கள். கோபத்தில் இதைச் சொல்லவில்லை. நம்மவர் பலர் இதைத்தான் செய்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே குடும்பத்தைச் சேராத ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் ஒரு வீட்டில் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து வாழ்ந்தால், இங்கிலாந்தில் எங்கும் உரிமம் கட்டாயம். நியூஹாம் இன்னும் முன்னே போனது. எல்லை முழுவதிலும் தனியார் வாடகை வீடுகளுக்கு உரிமம் கேட்ட முதல் கவுன்சில் அது, ஆண்டு 2013. ஆகவே ஆறு பேர் இல்லை, ஒரே ஒரு குடும்பத்துக்கு விடுவதென்றாலும், உங்கள் முகவரிக்கு என்ன உரிமம் வேண்டும் என்று கவுன்சிலில் கேட்டுவிட்டே விட வேண்டும். குடும்ப வீட்டைப் பலர் குடியிருக்கும் வீடாக மாற்றுவதற்குத் திட்ட அனுமதியும் தேவைப்படலாம். உரிமம் பெற வேண்டிய பலர் குடியிருப்பு வீட்டில், வயதுவந்த ஒருவர் உறங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. முன்பக்கச் சின்ன அறையை அளந்து பாருங்கள். தரகரின் கணக்கில் ஓர் அறை அங்கேயே விழுந்துவிடலாம். அடமானம் இன்னும் இருந்தால் வங்கியின் சம்மதம் வேண்டும். காப்புறுதியும் மாற வேண்டும். உரிமம் இல்லாமல் விட்டு அகப்பட்டால் தண்டப்பணம் மட்டுமல்ல, வாங்கிய வாடகையையே திருப்பிக் கொடுக்கும்படி தீர்ப்பாயம் ஆணையிடலாம்.

என் பக்கத்து வீட்டு மூதாட்டி இறந்த பிறகு அவர் வீட்டை வாங்கியவர் அறையறையாகத்தான் வாடகைக்கு விட்டார். முன்னறையில் ஒருவர், நடு அறையில் இருவர், மாடியில் நால்வர். உட்கார்ந்து பேச அந்த வீட்டில் ஓர் இடமும் இல்லை. வந்தவர்கள் எல்லோரும் உழைப்பாளிகள், அமைதியானவர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒருவர் பெயரை நான் பழகுவதற்குள் அடுத்தவர் வந்துவிடுவார். முன்வாசலில் மெத்தைகள் சேர்ந்தன. கூரையில் ஓடு உடைந்து என் பக்கச் சுவர் நனைந்தபோது, சொல்வதற்கு வீட்டுக்காரரின் தொலைபேசி எண் குடியிருந்த ஏழு பேரில் ஒருவருக்கும் தெரியாது. காணிப் பதிவேட்டில் உரிமையாளரின் முகவரியைத் தேடி எடுத்துக் கடிதம் போட்டேன். பதில் வரும்வரை அந்தக் குளிர்காலம் முழுவதும் வாளி வைத்திருந்தேன். அவரும் ஒரு தமிழர்தான். அதை எழுதுவதில் எனக்கு வலி இருக்கிறது.

தெரு மாறிவிட்டது என்கிறீர்கள். எப்போது மாறாமல் இருந்தது, தம்பி? ஈஸ்ட்ஹாமும் வெஸ்ட்ஹாமும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 1965இல்தான் நியூஹாம் என்று ஒன்றாயின. ரோயல் டொக்ஸ் கப்பல்துறைகள் 1981இல் சரக்குக் கப்பல்களுக்கு மூடப்பட்டபோது துறைமுகத் தொழிலை நம்பியிருந்த குடும்பங்கள் வெளியேறத் தொடங்கின. இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு நாங்கள் பெட்டியோடு வந்து இறங்கினோம். அன்று அந்த மூதாட்டியின் தோழிகளும் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள்: தெரிந்த முகமே இல்லை. 2012இல் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒலிம்பிக் நடந்தது. 2016இல் வெஸ்ட்ஹாம் காற்பந்துக் கழகம் அப்டன் பார்க்கை விட்டுப் போக, மைதானம் இருந்த இடத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. 2022இல் எலிசபெத் லைன் உங்கள் மேனர் பார்க் நிலையம் வழியாக ஓடத் தொடங்கியது. இவை ஒவ்வொன்றும் யாரையோ கொண்டுவந்தது, யாரையோ அனுப்பியது.

என் எண்ணத்தைக் கேட்டால்: உங்கள் மனைவிக்குத் தோட்டமும் அமைதியும் வேண்டுமென்றால் விற்றுவிட்டுப் போங்கள், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் விற்பனைப் பலகை நடுவதற்கு முன் இருபக்க வீடுகளிலும் சொல்லுங்கள். ஊரில் பங்குக் காணியை விற்பதென்றால் பங்காளிக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமை சொல்கிறதே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவர எந்தச் சட்டமும் தடையில்லை. நான்கு வீடு தள்ளி இருந்த பஞ்சாபிக் குடும்பம் அப்படித்தான் எதிர்வீட்டாரிடம் சொல்லி, அவர்கள் மகளுக்கே விற்றார்கள். இன்றைக்கு அந்தப் பெண்ணின் குழந்தை தாத்தா பாட்டி வீட்டுக்குத் தெருவைக் கடந்து போகிறது.

விற்க மனமில்லை என்றால் ஒரு குடும்பத்துக்கு விடுங்கள். வருமானம் குறையும், அறிந்துதான் சொல்கிறேன். உங்கள் தொலைபேசி எண்ணை இருபக்க அயலவருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். சேர்ச் ரோட்டில் முருகன் கோவிலுக்கு வரும் நாட்களில் வீட்டையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 74 வயது. கணவர் இரண்டு வருடத்துக்கு முன் காலமானார். எல்லாவற்றையும் எனக்கே எழுதிவைத்தார். வீட்டை இப்போதே தன் பெயருக்கு மாற்றினால் வரி மிச்சம் என்று மகன் சொல்கிறான். நல்ல பிள்ளை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை. நான் என்ன செய்ய?
— ஒரு தாய், ஃபாரஸ்ட் கேட்

பதில்: அம்மா, உங்கள் மகன் நல்ல பிள்ளை என்பதை நான் நம்புகிறேன். ஆனாலும் அவசரப்படாதீர்கள்.

கொடுத்துவிட்டு ஏழு ஆண்டுகள் உயிரோடிருந்தால் வாரிசு வரி இல்லை என்பதைத்தான் அவர் கேள்விப்பட்டிருப்பார். அந்த விதியின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. கொடுத்த வீட்டிலேயே சந்தை வாடகை கொடுக்காமல் நீங்கள் தொடர்ந்து குடியிருந்தால், வரிக் கணக்கில் அது இன்னும் உங்கள் வீடுதான். ஏழு ஆண்டு என்ன, பதினேழு ஆண்டு ஆனாலும். தவிர, ஒருவருக்கு 325,000 பவுண் வரை வாரிசு வரி இல்லை. குடியிருந்த வீடு பிள்ளைகளுக்குப் போகும்போது இன்னும் 175,000 பவுண் வரை சேரும். கணவர் பயன்படுத்தாத அளவும் உங்களோடு கூடுவதால், உங்களைப் போன்றவர்களுக்கு 1,000,000 பவுண் வரை எட்டலாம். ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு வரிசை வீடும் கொஞ்சம் சேமிப்பும் வைத்திருப்பவர், இல்லாத வரிக்காக வீட்டை எழுதிக் கொடுக்கிறார் என்பதே பல வேளைகளில் உண்மை.

மாற்றிய மறுநாள் முதல் மகனுடைய கடனும், அவருக்கு மணமுறிவு வந்தால் அந்த வழக்கும் உங்கள் படுக்கையறைவரை வரும். நாளை முதியோர் பராமரிப்புத் தேவைப்பட்டால், செலவைத் தவிர்க்கவே வீட்டைக் கொடுத்தீர்களா என்று கவுன்சில் கேட்கலாம். அலுவலகத்தில் இருந்த காலத்தில் இப்படி எழுதிக்கொடுத்த தாய் ஒருவர், மருமகள் சமைக்கும் நேரம் தன் குசினிக்குள் போகத் தயங்கியதாகச் சொல்லி என் மேசைக்கு முன் அழுதார். மகன் கெட்டவர் இல்லை. வீடு யாருடையது என்பது வீட்டுக்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

உயில் எழுதுங்கள், அம்மா. மகளிடம் இந்த வாரமே சொல்லுங்கள்; பின்னால் தெரியவந்தால் அண்ணன் தங்கை உறவு அதோடு போய்விடும். காணிப் பதிவகம் இலவசமாக ஓர் எச்சரிக்கைச் சேவை தருகிறது: உங்கள் வீட்டின்மேல் யாராவது பதிவு மாற்றம் கோரினால் மின்னஞ்சல் வரும். பேரப்பிள்ளையிடம் சொல்லி அதில் பதிந்துவையுங்கள். பிறகு மகனுக்குத் தெரிந்த சொலிசிட்டரிடம் போகாமல், நீங்களே ஒருவரைத் தேடிப் போங்கள். மகன் காரில் கூட்டிப்போகட்டும். உள்ளே பேசும்போது மட்டும் அவரை வெளியே இருக்கச் சொல்லுங்கள்.